ஒரு சாவிக்கு ஒரே ஆள்

"மலர், உங்க எஸ்டேட்டு ஃபாரம் நாப்பத்தொன்னையும் நானே எண்ணி வாங்குனேன். லிஸ்ட்ல ஒரே ஒரு பேருதான் இருக்கு. மத்த நாப்பது பேரு எங்க போனாங்க?"

எலைன் காகிதத்தை மலர்க்கொடியின் மேசையில் வைத்தார். குருபோங்கில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. மலர்க்கொடி அங்கே புரோகிராம் எழுதுகிற பெண். சேர்ந்து நான்கு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசியில் எல்லாரும் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அங்கிருந்து இரண்டு பேரை டெக்னீஷியன் வேலைக்கு எடுத்துப் பழக்குவதாகத் தொழிற்சாலை ஒத்துக்கொண்டிருந்தது. இரண்டே இடம், நாற்பத்தோரு பேர். இன்டர்வியூ கடிதங்கள் ஐந்து மணிக்குத் தபாலுக்குப் போகவேண்டும். மணி இப்போதே இரண்டாகியிருந்தது.

"பிரிண்டர் ரோசாக் ஆயிருக்கும்க்கா, அடிக்கடி கெட்டுப் போவுதே."

"டவுன் ஆளுங்க லிஸ்ட் எல்லாம் சரியா வந்திருக்கே. உங்க எஸ்டேட்டுக்கு மட்டும் ரோசாக் ஆவுமா?"

மலர்க்கொடி எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. எலைன் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் லேசில் விடுகிற ஆளில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் புரோகிராம் எப்படி ஆளுங்கள சேத்து வைக்குது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு லா."

"சின்ன டேட்டாபேஸ்தான்க்கா. பெருசு வாங்க மேனேஜர் காசு தரல. இது ஓசியில கெடச்சது, ஒரு டிஸ்கெட்ல அடங்கிடும். ஒரு சாவி, அதுக்கு ஒரு பதிவு. சாவியச் சொன்னா அந்த ஆளோட விவரத்த எடுத்துக் குடுக்கும். அதுக்குமேல அதுக்கு ஒன்னும் தெரியாது."

"எத சாவியா வெச்சிருக்க?"

மலர்க்கொடி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"டெலிபோன் நம்பர்."

"ஏன், அடையாள அட்டையில இருக்குற ஐசி நம்பர் வெச்சிருக்கலாமே?"

"பாதிப் பேரு ஐசி நம்பர தப்பா எழுதுறாங்க. ஆள் வரலன்னா போன் போட்டுத்தான கூப்புடுறோம், அதான்..."

எலைன் ஃபாரக் கட்டை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான்காவது ஃபாரத்தில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே போன் நம்பரு."

"எஸ்டேட்ல தங்கராஜு அண்ணன் கடையில மட்டும்தான்க்கா போன் இருக்கு. எல்லாரும் அந்த நம்பரத்தான் குடுப்பாங்க. யாருக்குப் போன் வந்தாலும் அண்ணன் லயத்துக்கு ஆள் விட்டுக் கூப்புடுவாரு."

"அப்ப ஒரே சாவியில நாப்பத்தோரு பேரப் போட்டா?"

"முன்னால இருந்த ஆளத் தூக்கிட்டு, புது ஆள வெச்சுக்கும்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வந்த வரிசையிலதான் டைப் பண்ணுறோம். கடைசியா உள்ள போன ஆள் மட்டும் நிக்கும்."

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாதா?"

"சொல்லாதுக்கா."

எலைன் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். மலர்க்கொடியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது.

"அழாத. டவுன்ல ரூம் எடுத்துத் தங்கிட்டா, ஊர்ல ஒரே போன்தான்னு எப்படி ஞாபகம் வரும்? நல்ல வேளை, லெட்டர் போகல. போயிருந்தா நாப்பது பேரு வயித்துல அடிச்சிருப்போம். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். உன் வேலைக்கு ஒன்னும் ஆவாது."

சாவியை ஐசி நம்பருக்கு மாற்றினாள். எலைன் ஃபாரங்களைப் படிக்கப் படிக்க அவள் மறுபடி தட்டினாள். படிக்கிற பெயர் ஒவ்வொன்றும் அவள் ஓடித் திரிந்த வீடு. ராமையா மாமாவின் மகன், குஞ்சம்மா அத்தையின் மகள் புனிதா, அடுத்த லயத்து பாலகிருஷ்ணன். பழகிய விரல்கள்தான், ஆனாலும் எழுத்து தப்பித் தப்பி விழுந்தது.

"இந்தப் புனிதாவப் பாரேன், எஸ்பிஎம் பரீட்சையில கிரேட் ஒன்னு. இந்தப் புள்ளைக்கு ஒரு இடம் கண்டிப்பா கெடைக்கும்," என்றார் எலைன்.

"ஆமாக்கா. கெட்டிக்காரப் புள்ள." மலர்க்கொடி அதை மனதாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மணியைப் பார்த்தாள். நாலரை.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்தோரு கடிதங்களும் தயாராகிவிட்டன. எலைன் அவற்றை அள்ளிக்கொண்டு தபால் வேனைப் பிடிக்க ஓடினார். மலர்க்கொடி நாற்காலியில் சாய்ந்தாள். பாரம் இறங்கியதா ஏறியதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்தாள். தங்கராஜு கடையிலிருந்து அவள் தம்பி பிரவின்.

"அக்கா, நீ சொன்ன மாதிரியே எல்லாரும் குடுத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, கடைசியாத்தான் என் ஃபாரத்தக் குடுத்தேன். எனக்கு மட்டும்தான லெட்டர் வரும்?"