மீசை எடுத்த மானேஜர்

“நான் இப்போ என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க, மண்டோர்.”

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் ஆலையில் இருபத்தாறு வருஷம் ரோலர் பக்கத்திலேயே உழைத்து மேஸ்திரியான அப்பாசாமி, வாய்ப்பாடு ஒப்பிப்பவரைப் போல மானேஜருக்கு நேர் எதிரே நின்றார்.

“மூணாம் ரோலரைத் துடைக்கணும். துடைச்சிட்டு மத்தியானம் ஓட்டணும்.”

“நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க.”

மானேஜர் மாணிக்கவாசகம் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

“துடைக்கிறதுக்கு முன்னாடி, விசையை, அணைக்கணும். சொல்லுங்க.”

“விசையை அணைச்சிட்டுத் துடைக்கணும்.”

“சரி. அடுத்து, தேவதாஸ். நீங்க சொல்லுங்க.”

இப்படியே ஒருவர் விடாமல். தினமும் காலையில் கால் மணி நேரம்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய மூன்றாம் மாதம் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். பத்தொன்பது வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதிய மாணிக்கவாசகத்துக்கு அந்த நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்த முதல் மாதமே இரண்டு காரியம் செய்தார். இந்தத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மலாக்கா பூராவும் அறிந்த தன் முறுக்கு மீசையை மழித்துக்கொண்டார்.

“துரை நாற்காலியில உட்கார்ந்தா துரை மூஞ்சி வந்துடுமா லா?” என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் ஆலையில் இல்லை.

சிரிப்பு நாளாக நாளாகக் கோபமாயிற்று. காஜா பெராங் தெருக் கோப்பிக்கடையில் தேவதாஸ் ஒரு பெட்டிஷனை விரித்தார்.

“இந்த மானேஜரை மாத்தணும். அவ்வளவுதான். மண்டோர் அண்ணே, மொதல் கையெழுத்து உங்களோடது. உங்க பேரு இருந்தாத்தான் மேலிடத்துல மதிப்பாங்க.”

அப்பாசாமி கோப்பியைப் பார்த்தபடியே இருந்தார்.

“அண்ணே.” தேவதாஸ் தோளைத் தொட்டு உலுக்கினார். “ரோஷம் இருக்கா இல்லையா உங்களுக்கு?”

அப்பாசாமி காகிதத்தை வாங்கிப் படித்தார். “வேணாம்பா. பிள்ளைகுட்டிக்காரரு.”

“நாம மட்டும் சாமியாரா? காது மந்தம்னு தெரிஞ்சதும் சுப்பையனை நின்ன நிலையில வீட்டுக்கு அனுப்பினாரே துரை, அவ்வளவு கறாரான ஆளு. அவரே யாரையும் இப்படி நிக்க வச்சு ஒப்பிக்கச் சொன்னதில்ல. இவர் நம்மாளு. வேணாம்னா, ஏன் வேணாம்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டுப் போங்க.”

அப்பாசாமி தேவதாஸின் முகத்தைப் பார்த்தார், சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார்.

மறுநாள் பெட்டிஷன் அஞ்சலையிடம் போயிற்று. அப்பாசாமியின் மனைவி, அதே ஆலையில் ரப்பர் தரம் பிரிப்பவள். மேலே இருந்த புருஷன் கையெழுத்தைக் காட்டினார்கள். அவளும் கைநாட்டு வைத்தாள்.

விசாரணைக்குக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து காசிவிஸ்வநாதன் என்ற அதிகாரி வந்தார்.

“மானேஜர்னா தட்டிக்கொடுத்து வேலை வாங்கத் தெரியணும், மாணிக்கவாசகம். வயசான மண்டோரைப் பாடம் ஒப்பிக்க வைக்கிறதா? என்ன காரணம்?”

“சொன்னது போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கிறது என் வேலைங்க. தலையாட்டுறதை நம்பி ரோலரை ஓட்ட முடியாது.”

“அது எல்லாரும் சொல்றது. வேற காரணம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. உங்களுக்கு நல்லது.”

மாணிக்கவாசகம் சன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். அங்கே அப்பாசாமி தலை குனிந்து நின்றிருந்தார்.

“வேற ஒண்ணும் இல்லைங்க.”

மாணிக்கவாசகத்தை மூவார் கிளைக்கு அனுப்பினார்கள். திரும்பவும் கிராணியாக.

போகிற அன்று மாணிக்கவாசகம் முற்றத்தைக் கடந்து அப்பாசாமியின் எதிரே வந்து நின்றார்.

“ரோலர்கிட்ட, பார்த்து இருங்க, மண்டோர்.”

திருப்பிச் சொல்லுங்க என்று அவர் கேட்கவில்லை. அப்பாசாமியாகவே சொன்னார்.

“ரோலர்கிட்டப் பார்த்து இருக்கணும்.”

“போறப்பவும் அதிகாரம் போகுதா பாரு,” என்றார் தேவதாஸ்.

திங்கட்கிழமை புது மானேஜர் கருணாகரன் வந்தார். உதட்டை மூடிய அடர்ந்த மீசை. சிரித்த முகம். எல்லாரையும் பேர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“நான் யாரையும் திருப்பிச் சொல்லச் சொல்ல மாட்டேன். நீங்க எல்லாம் விவரம் தெரிஞ்சவங்க.”

பலத்த கைதட்டல். தேவதாஸ் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

கருணாகரன் அப்பாசாமியின் தோளில் கை போட்டு, நடந்துகொண்டே அன்றைய வேலையைச் சொன்னார்.

“சரிங்க ஐயா,” என்று தலையாட்டினார் அப்பாசாமி.

மூணாம் ரோலரை நோக்கி நடந்தவரை அஞ்சலை ஓடி வந்து மறித்தாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக நின்று, இரண்டு வருஷமாக வீட்டில் செய்வதுபோல, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

“என்னாங்க சொன்னாரு?”

“தெரியலடி. மீசை வாயை மறைக்குது,” என்றார் அப்பாசாமி. “அவரு எனக்காக மீசையை எடுத்தாரு. நான் மொதல் கையெழுத்தைப் போட்டேன்.”