உப்புக் காப்பி

"அப்பா முதல் தடவை காப்பியில உப்பைப் போட்டது நம்ம வீட்டுலயா, இல்ல நான் எழுதின கதையிலயா? சத்தியமா எனக்கு இப்ப நிச்சயமில்லக்கா."

அக்கா வீட்டில் அப்பா இருந்த அறையை இருவரும் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் ஒரு மாதமாகிறது. அக்கா அவர் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். தம்பி கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஏழு வருடம் ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஓடிய அந்தக் குடும்ப நகைச்சுவைத் தொடர் அவன் எழுதியது. அதில் வரும் அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. வீட்டை வெளியே பூட்டிவிட்டு, "யாராவது கதவைத் திறங்களேன்" என்று தானே தட்டுவார். துணிக்கடைப் பொம்மையிடம் விலை கேட்பார். அது வாயைத் திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்புவார். காப்பியில் உப்பைப் போட்டுவிட்டு, பால் சரியில்லை என்று பால்காரரோடு சண்டைக்குப் போவார். எல்லாம் அவன் அப்பா நிஜமாகவே செய்தவை. அவன் கண், காது, மூக்கு வைத்ததோடு சரி. எது நடந்தது, எது வைத்த மூக்கு என்பதுதான் இப்போது குழம்பிவிட்டது.

"நம்ம வீட்டுலதான்" என்றாள் அக்கா. "உனக்கு வேலை போய், மூணு மாசம் அறையை விட்டு வெளிய வராம கெடந்தியே, அப்ப. நானும் அன்னிக்கு வந்திருந்தேன். ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பின. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்ச."

"ஆமா... அன்னிக்கே உக்காந்து முதல் பகுதியை எழுதினேன்." அவன் சுவரைப் பார்த்தான். "முப்பது வருஷம் ரயில்வேயில சிக்னல் வேலை. ஒரு லீவரைக்கூட மாத்தி இழுத்ததில்ல. ரிட்டயர் ஆனதும் பாவம், தடுமாற ஆரம்பிச்சிட்டாரு. அந்த மனுஷனைப் போயி..."

தெருவில் அவருக்கு 'உப்புக் காப்பி' என்றே பெயராகிவிட்டது. "சோப்பு தடவட்டுமா பெரியவரே, இல்ல சுண்ணாம்பா?" என்று முடிதிருத்துபவர்கூடக் கேட்டார். அப்பா சிரித்தபடியே வந்துவிட்டார். கேலியும் அவருக்குப் புரியவில்லை என்று மகன் நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது வருடம் அக்கா வந்து நின்றாள். "பெத்த அப்பனை ஊர் சிரிக்க வச்சித்தான் நீ பேர் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அவரைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். அதன்பின் அக்காவும் தம்பியும் அளந்துதான் பேசினார்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவைப் பார்க்க வருவான். "இருடா, நானே போட்டுட்டு வரேன்" என்று அப்பா எழுந்து போவார். அதே உப்பு. அவன் சிரிப்பான். திரும்பும்போது பேருந்திலேயே குறித்துக்கொள்வான்.

"ஏழு வருஷமா ஒரு மனுஷன் அப்படியேவா இருப்பான்? கடைசி வாரமாவது திருந்தட்டும் சார்" என்றார்கள் தொலைக்காட்சிக்காரர்கள். திருத்தினான். தொடரின் அப்பா கடைசி வாரம் சர்க்கரை டப்பாவைச் சரியாக எடுத்தார். கோபித்துக்கொண்டு போன மகள் திரும்பி வந்தாள். மகன் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். ஊரே அழுதது.

தன் அப்பாவிடம் கேட்க வேண்டியதை மட்டும் அவன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டான். மாதங்கள் இருந்தன. அப்பா இல்லை.

"அக்கா, அவருக்கு என் மேல வருத்தமா? ஏதாவது சொன்னாரா?"

அவள் ஒரு சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"சொல்ல வேணாம், விடு" என்றான். "கடைசி வரைக்கும் அந்தத் தடுமாற்றம் தீரலையே. மாத்திரையெல்லாம் எப்படித்தான் குடுத்துச் சமாளிச்சியோ."

அக்கா நிமிர்ந்தாள். "எந்தத் தடுமாற்றம்?"

"அதான்... காப்பி..."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை மடியில் நழுவியது.

"உனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டுச் செய்யறீங்கன்னுல்ல இத்தனை வருஷமா உன் மேல கோபமா இருந்தேன்! அஞ்சு வருஷமா இந்த வீட்டுக் காப்பி அத்தனையும் அவர் போட்டதுதான்டா. ஒரு நாள் சர்க்கரை கூடினதில்ல, கொறைஞ்சதில்ல. நீ வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும்தான், உப்பு டப்பா எங்கம்மா இருக்குன்னு வந்து கேப்பாரு."