உம்மாவின் கண்கள்

"கண்ணில நோவும் இல்ல, பார்வையும் தெளிவா இருக்கு. பிறகு எதுக்கு டொக்டர் லேசர்?"

என்று கேட்டாள் பரீனா. பக்கத்துக் கதிரையிலிருந்த கணவர் றுவைஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த இந்தக் கண் கிளினிக்கிலிருந்து இரண்டு நாட்களுக்கு முன் அழைப்பு வந்திருந்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இலவசப் பரிசோதனை என்றார்கள். கண்ணாடி மாற்றலாமே என்று வந்தவளுக்கு இப்படியொரு செய்தி.

டொக்டர் அனுஷியா காகிதத்தில் ஒரு கண்ணை வரைந்து காட்டினார்.

"கண்ணுக்குள்ள எந்த நேரமும் நீர் ஊறிக்கொண்டிருக்கும். அது வடியிற வழி இந்த விளிம்பில இருக்கு. உங்கட கண் பிறவியிலேயே சின்னது. அதால வழி நல்லா ஒடுங்கிப்போய்க் கிடக்கு. ஒருநாள் திடீரெண்டு அடைபட்டால் அழுத்தம் ஏறிடும். உடனே பார்க்காட்டி பார்வையே போயிடும்."

"குளுக்கோமாவா?" என்றார் றுவைஸ்.

"இன்னும் வரேல்ல. வரக்கூடிய கண். லேசரால சின்னத் துளையொண்டு போட்டால் நீருக்கு வேற வழி கிடைச்சிடும். பத்து நிமிச வேலை, இண்டைக்கே செய்யலாம்." டொக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "இது பரம்பரையா வாறது. கூடப்பிறந்த ஆக்கள் இருக்கிறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

றுவைஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

லேசர் இயந்திரத்தின் தாங்கியில் நாடியைப் பதித்தபோது பரீனாவுக்கு மூதூரில் இருக்கும் றுக்கியா ராத்தாவின் முகம்தான் வந்து நின்றது. கூடப்பிறந்த ஒரே அக்கா. ராத்தா தன் மகளின் கலியாணத்துக்குப் பரீனாவை முறையாக அழைக்கவில்லை என்று மூண்ட சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. ராத்தாவின் அழைப்பு வராதபடி போனிலும் தடுத்து வைத்திருந்தாள்.

ராத்தாவுக்கும் அதே சின்னக் கண்கள். உம்மாவின் கண்கள்.

லேசர் முடிந்து வெளியே வந்ததும் டொக்டரின் மேசைக்கு ஓடினாள்.

"டொக்டர், நான் பொய் சொல்லிட்டன். மூதூரில எனக்கு ஒரு ராத்தா இருக்கா. அவக்கும் இந்தக் கண்தான். இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வாறன். என்னைக் கண்டு கதவைச் சாத்தினாலும் பரவாயில்ல."

டொக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

"றுக்கியா போன மாசம் இஞ்ச வந்தவங்க. கண் அழுத்தம் ஏறினதைச் சும்மா தலையிடி எண்டு நாலு நாள் குளிசை போட்டுக்கொண்டு இருந்திட்டாங்க. வலது கண்ணைக் காப்பாத்த ஏலாமப் போச்சு."

பரீனா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"இஞ்ச இலவசப் பரிசோதனை எண்டு ஒண்டும் இல்ல, பரீனா. உங்கட நம்பரைத் தந்து அப்பிடிச் சொல்லச் சொன்னது அவங்கதான். 'என்ட பேரைச் சொன்னால் அவள் வரமாட்டாள் டொக்டர், கண்ணைச் சரியாக்கினதுக்குப் பிறகு சொல்லுங்க' எண்டவங்க."