கத்தினால் நிற்கும் வண்டி

"குறுக்கே வர்றான் பாரு, கண்ணு தெரியாத பய!" என்று கணவன் கத்தியதும் புது வண்டி தானாகவே வேகம் குறைந்து சாலை ஓரமாக நின்றது. கதவுப் பூட்டு 'டக்'கென்று விழுந்தது.

"டிரைவர் கோபமாக இருக்கிறார். குரல் தணிந்ததும் புறப்படலாம்," என்றது வண்டி.

அவன் கதவை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"என்னடி இது?" என்றான் பக்கத்தில் இருந்த மனைவியிடம்.

"கோபத்துல இறங்கிப் போய் யாரும் அடிதடி பண்ணக் கூடாதுன்னு எங்க கம்பெனியில செஞ்சது. ஓட்டிப் பாக்கத்தான் இந்த வண்டியக் குடுத்திருக்காங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"எனக்கே புத்தி சொல்றியா? உன்ன வேலைக்கு அனுப்புனதே தப்பு! நாளையிலேர்ந்து நீ போக வேணாம்!"

"டிரைவர் கோபமாக இருக்கிறார்." அந்தக் குரலில் மட்டும்தான் மரியாதை இருந்தது.

கண்ணாடிகள் ஏறியிருந்தன. அவன் கத்தக் கத்த உள்ளே காற்றே இல்லாதது போலிருந்தது. வீட்டிலும் இப்படித்தான். அவள் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்த மடையன்டி இதச் செஞ்சான்?"

"நான்தான்."

அவள் தன் பக்கக் கதவைத் தள்ளினாள். அது சுலபமாகத் திறந்துகொண்டது.

"டிரைவர் கதவு மட்டும்தான் பூட்டிக்கும்," என்றாள் இறங்கியபடியே. "என் கதவு பூட்டவே இல்ல. பழக்க தோஷம், இவ்வளவு நேரம் உக்காந்துட்டேன்."

"ஏய், நில்லுடி!"

"டிரைவர் கோபமாக இருக்கிறார்," என்றது வண்டி.