ஊரைச் சுற்றிக் காட்டியவர்

"அந்த வரைபடத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா மேடம்?"

பொலோன்யா நகரத்தின் பெரிய தேவாலயப் படியில் உட்கார்ந்து, யாரோ போட்டுவிட்டுப் போன சுற்றுலா வரைபடத்தால் விசிறிக்கொண்டிருந்தாள் நிவெஸ். நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு மனிதர், ஐம்பது வயதிருக்கும், வேர்த்து விறுவிறுத்து நின்றார். வரைபடத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

நிவெஸுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்திலிருந்த கணவனின் காதில் சொன்னாள். "பாவம், நம்மளை வெளியூர்க்காரங்கன்னு நினைச்சுட்டாரு. வழி சொல்ல வந்திருக்காரு."

"பொறந்து வளர்ந்ததே இங்கதான்னு சொல்லு" என்றான் லோரிஸ். "இன்னைக்கு நம்ம கல்யாண நாள். யாருக்கும் தலையாட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்க."

லோரிஸ் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவன். வேலை நாளில் கடையை அடைத்துவிட்டு மனைவியோடு வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. போன கல்யாண நாளன்று, முடியாது என்று சொல்லத் தெரியாத நிவெஸால், முன்பின் பார்த்திராத ஒருத்தரின் சோபாவை மாடிக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. ஏற்றியது லோரிஸ். முதுகுவலி இன்னும் விடவில்லை.

நிவெஸ் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"நீங்களே எங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டுறீங்களா?"

அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். "அதுக்கென்ன மேடம்" என்றார் கடைசியில். பெயர் எத்தோரே என்றார்.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாரு" என்றாள் நிவெஸ். லோரிஸ் முதுகைத் தடவிக்கொண்டான்.

முதலில் சாய்ந்த கோபுரம் வந்தது. அவர் மனம் குளிரட்டுமே என்று, "இது ஏன் சாஞ்சிருக்கு?" என்று கேட்டாள் நிவெஸ்.

எத்தோரே அண்ணாந்து பார்த்து யோசித்தார். "கட்டினவருக்கு ஒரு கால் குட்டை மேடம். அவர் நின்னு பார்த்தா இதுதான் நேர்."

லோரிஸுக்குப் புரையேறியது. நீரூற்றின் மேல் சூலத்தோடு நிற்கும் கடல் தேவனைக் காட்டி எத்தோரே, "ஊரோட முதல் மீன் வியாபாரி. கையில பாருங்க, மீன் குத்துற கோல்" என்றபோது அவன் மீசை துடித்தது. நிவெஸ் அவன் கையைக் கிள்ளினாள்.

"பேச்சைக் கேட்டியா? வெனிஸ் பக்கத்து இழுவை" என்று பல்லைக் கடித்தான். "நேத்துக் குடியேறினவன் எனக்கு என் ஊரைக் காட்டுறான்."

ஆனால் மரியாதை தெரிந்த மனிதர்தான். ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, "நீங்க முன்னாடி போங்க" என்று குனிந்து வழிவிட்டார். பழக்கதோஷத்தில் லோரிஸின் கால்கள் சரியான சந்தில் திரும்பின. மதியம் அந்தக் கால்கள் அவன் வழக்கமாகச் சாப்பிடும் கடை வாசலில் போய் நின்றன.

எத்தோரே உட்கார்ந்ததும் சொன்னார். "பொலோன்யாவுக்கு வந்துட்டு கறிக் குழம்பு ஸ்பகெட்டி சாப்பிடாமப் போகலாமா? மூணு கொண்டு வாப்பா."

பக்கத்து மேஜைக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பரிமாறும் துல்லியோ என்பவன் இழவு வீட்டில் பார்ப்பதுபோல் லோரிஸைப் பார்த்தான். நிவெஸ் கண்ணால் கெஞ்சினாள்.

"அது வெளியூர்க்காரங்க கட்டிவிட்ட சாப்பாடு, இங்க கிடையாதுங்க" என்றான் துல்லியோ. "இந்த ஊர்ல மானமுள்ள எந்தக் கடையிலயும் கிடையாது."

"வெளியூர்க்காரங்களுக்கு அதுதான் பிடிக்கும்னு நமக்காகச் சொல்றாரு" என்று முணுமுணுத்தாள் நிவெஸ்.

சூப்பில் மிதக்கும், கறி அடைத்த குட்டிக் கொழுக்கட்டை போன்ற தொர்த்தெல்லினி வந்தது. எத்தோரே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "தினம் சாப்பிடுறதையே எப்படி ரசிக்கிறாரு பாரு" என்றாள் நிவெஸ். எங்கோ மணி அடித்தது. அவர் பதறி எழுந்தார். "ஐஸ்கிரீம் சாப்பிடாம விட மாட்டோம்" என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள் நிவெஸ். அவர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஏழு தேவாலயங்களின் முன்னால் நின்றார்கள். இந்த முறை லோரிஸே கேட்டான். "இது ஏன் ஏழு?"

"ஒரு பணக்காரருக்கு ஏழு மருமகள் சார். ஒருத்தி கும்பிடுற கோவில்ல இன்னொருத்தி கும்பிட மாட்டேன்னுட்டா."

லோரிஸ் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். கடையில் இப்படி அவன் சிரித்து நிவெஸ் பார்த்ததே இல்லை. சிரித்து ஓய்ந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

அந்தக் கையின் சூட்டில் அவளுக்கு உறுத்தியது. ஒரு நல்ல மனிதர் தன் நாள் முழுவதையும் தங்களுக்காகக் கொடுத்திருக்கிறார். அவரிடம் போய் நடிப்பா?

"சொல்லிடப் போறேன்" என்றாள்.

"வேண்டாம் நிவெஸ். மனுஷன் உடைஞ்சு போயிடுவான்" என்று இப்போது லோரிஸ் தடுத்தான்.

அவள் கேட்கவில்லை. "எங்களை மன்னிச்சுக்கங்க. நாங்க ரெண்டு பேரும் இந்த ஊர்லயே பொறந்தவங்க. உங்க மனசு நோகுமேன்னுதான் காலையில சொல்லல."

எத்தோரே தொப்பியைக் கழற்றினார். உதடு நடுங்கியது. அழுதுவிடுவார் என்றே நிவெஸ் நினைத்தாள். அவர் பாய்ந்து வந்து லோரிஸின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"அப்பாடா. ஸ்டேஷன் எந்தப் பக்கம் சார்?"