வாசலில் ஒரு பூட்டு

"இழுத்துப் பாரு யாதம்மா. பூட்டு நல்லா விழுந்துச்சா?"

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ரஞ்சனா கிசுகிசுத்தாள். வராந்தாவில் நின்ற வேலைக்காரி யாதம்மா பூட்டை இரண்டு முறை இழுத்துக் காட்டிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். சாவியைச் சமையல் மேடையில் வைத்தாள்.

"எதுக்கும்மா இத்தனை பயம்? சொந்த வீட்டுல திருடி மாதிரி ஒளியிறீங்க?"

"இன்னிக்கு தசரா. மத்தியானத்துக்குள்ள என் நாத்தனார் பட்டான்செருவுலேருந்து ஏழு பேரோட வந்து இறங்குவா. நாலு நாள் டேரா."

"வேணாம்னு சொல்லுங்களேன்."

"போன தசராவுக்குச் சொன்னேனே! 'அண்ணி குரலே சரியில்ல, அழுதிருக்காங்க'ன்னு ஒரு நாள் முன்னாடியே வந்துட்டா."

"ஊருக்குப் போறேன்னு சொல்றது?"

"அதையும் சங்கராந்திக்குச் சொன்னேன், ஸ்ரீசைலம் போறேன்னு. பெரிய வண்டியா புடிச்சு எல்லாருமா கூடவே வந்துட்டாங்க. வழி பூரா அவங்களுக்குப் புளியோதரை நான்தான் கட்டிக்கிட்டுப் போனேன்!"

யாதம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நான் ஊருக்குப் போறேன்மா. இனிமே பின்கதவை யாரு தட்டினாலும் நக்கோ, வேணாம், திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மோகன் போய் இரண்டு வருடம் ஆகிறது. பதிமூன்றாம் நாள், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவருடைய ஒரே தங்கை சுமதி, "எங்க அண்ணியை எந்தப் பண்டிகைக்கும் தனியா விடமாட்டேன்" என்று தேம்பித் தேம்பிச் சொன்னாள். சொன்ன சொல்லை ஒரு பண்டிகைக்கும் தவறவில்லை. துணைக்கு வந்தவர்களுக்கு இட்லியும் பூரியும் செய்து போட்டு, போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டதில் ஐம்பத்திரண்டு வயது ரஞ்சனாவின் இடுப்பு விட்டுப்போனது. நின்று மோகனை நினைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவருடைய பிரம்பு நாற்காலியில் சுமதியின் கணவர் சீனிவாசன் நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

இந்த வருடம் அவள் கேட்டது அந்த நாற்காலி, ஒரு புத்தகம், ஒரே ஒரு நாள்.

ஆனால் பூட்டிய வீட்டுக்குள் அந்த ஒரு நாளும் அவ்வளவு எளிதாக இல்லை. டி.வி. போட முடியாது. குழாயை முழுசாகத் திறக்க முடியாது. தும்மல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குக்கர் வைத்தால் விசில் தெருமுனை வரை கேட்கும் என்று சோற்றைப் பாத்திரத்தில் வடித்தாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தாள். மணி மூன்றாகியும் புத்தகம் பதினோராம் பக்கத்திலேயே கிடந்தது.

'நிம்மதியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு பாடா?' அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது. சுமதி. எடுக்காவிட்டால் அக்கம்பக்கத்தாரை அனுப்பிக் கதவை உடைக்கச் சொல்லுவாள். ரஞ்சனா எடுத்தாள்.

"அண்ணி... அது வந்து..." சுமதியின் குரலில் வழக்கமான அதட்டலைக் காணோம்.

"சுமதி, நான் வாரங்கல் பஸ்ல இருக்கேன்மா! என்கூட வேலை பார்க்குற லலிதாவோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. திடீர்னு கிளம்பும்படி ஆயிடுச்சு. உன்கிட்டச் சொல்லக்கூட முடியல."

எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. பாவம், ஏமாந்து போய்விட்டாள் என்று ரஞ்சனா நினைத்தாள்.

அடுத்த நொடியே சுமதியின் பழைய குரல் திரும்பி வந்தது. "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க! நாங்க உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறோம்! இவர் பெல்லை அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டார். பார்த்தா பூட்டு தொங்குது!"

ரஞ்சனா சட்டென்று தரையில் குனிந்து உட்கார்ந்தாள். வாசலில் நிற்கிறார்கள் என்றால், தான் பேசியது வெளியே கேட்டிருக்குமே! புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, முட்டி போட்டபடியே ஜன்னலுக்குப் போனாள்.

"தசராவன்னிக்குப் பெரியவங்க கையில ஜம்மி இலை குடுத்து ஆசீர்வாதம் வாங்கணும்னு பசங்க எவ்வளவு ஆசையா வந்துச்சுங்க தெரியுமா? பரவால்ல, இலையைப் பூட்டுலயே செருகிட்டுப் போறோம் அண்ணி. இதோ, செருகியாச்சு."

ரஞ்சனா திரையை ஒரு விரல் அகலம் விலக்கினாள்.

வராந்தாவில் யாரும் இல்லை. பூட்டில் இலை இல்லை. சாத்திய கேட்டின் மேல் சாய்ந்தபடி தெருநாய் ஒன்று காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது போனுக்குள் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு குக்கர் விசில் அடித்தது. அதைத் தொடர்ந்து சீனிவாசனின் குரல்: "சுமதி, மூணு விசில் வந்துடுச்சு, அணைக்கவா? இந்த வருஷமாவது நம்ம வீட்டுல நிம்மதியா சாப்பிடலாம்!"

"உஷ்! வாயை மூடுங்க!" சுமதி பல்லைக் கடித்தாள்.

ரஞ்சனா எழுந்தாள். மோகனின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் ஸ்டூலின் மேல் நீட்டினாள்.

"சரி சுமதி, வெயில்ல நிக்காம பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்றாள். "சங்கராந்திக்கும் மறக்காம இதே மாதிரி வந்துட்டுப் போங்க."