டெம்பேச்சர்

வீடியோ அழைப்பின் திரையில் ஒஸ்மோ நடுநடுங்கிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச்சே வந்தது.

"யாரைக் கேட்டுப் பேரை மாத்தினே?"

ஹில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கர்னலுக்குள் எது போகலாம், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்கிற மனிதர். அவருக்கு இவ்வளவு கோபம் வந்து அவள் பார்த்ததேயில்லை. ஊரே சவுனா என்கிற வெந்நீராவி அறையின் சூட்டில் வியர்த்துக்கொண்டிருக்கும் சனிக்கிழமை சாயங்காலம், ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஓடி வந்திருக்கிறார் என்றால் பாருங்களேன்!

கர்னலுக்குள் வெளி நிரல்கள் எட்டிப் பார்க்க முடியாது. காட்டலாம் என்பதை மட்டும் ஒரு கோப்பாக வெளியே நீட்டுவார்கள், வேண்டிய நிரல் வந்து படித்துக்கொள்ளும். சூடு அளக்கும் கருவி சொல்லும் எண்ணை அப்படி நீட்டியவள் ஹில்லா. நீட்டிய அவசரத்தில் டெம்பரேச்சர் என்ற பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய், டெம்பேச்சர் ஆகிவிட்டது.

மூன்று வருஷமாக மானம் போகிறது. திங்கட்கிழமை ஓலு நகரத்து மாநாட்டில் நானூறு பேர் முன்னால் மேடையேறி அந்தக் கோப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். அதனால் நேற்று சோதனைப் பதிப்பில் சத்தமில்லாமல் பெயரைத் திருத்தியிருந்தாள்.

"வெறும் எழுத்துப்பிழை, ஒஸ்மோ..."

"பிழையா இருந்தா என்ன? வெளியே நீட்டினது நீட்டினதுதான். ஒரே ஒரு நிரல் அதை நம்பி ஓடினாலும் பேரைத் தொடக்கூடாது. நம்ம சட்டம் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதான் வலைபோட்டுத் தேடினேன். ஒரு ஈ, காக்காகூட அதைப் படிக்கலை!"

"ஒருத்தர் படிக்கிறாரு. மத்தியானம்தான் புதுப் பதிப்பைப் போட்டாரு, வீட்டுல அவரு நிரல் நின்னுபோச்சு."

"அந்த ஒருத்தருக்காக நானூறு பேரு என்னைப் பாத்துச் சிரிக்கணுமா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க! அந்த ஒருத்தர் படுற பாடு உனக்குத் தெரியுமா?" ஒஸ்மோவின் குரலும் நடுங்கியது.

ஹில்லாவுக்கு மனசு கேட்கவில்லை. யாரோ நோயாளியின் படுக்கையருகே ஓடுகிற கருவியோ என்னமோ! மானத்தைக் காற்றில் விட்டு, பழைய டெம்பேச்சரையே திரும்பப் போட்டாள்.

"போட்டுட்டேன். அவரு யாருன்னு சொல்லுங்க, நானே மன்னிப்புக் கேட்டுடறேன்."

ஒஸ்மோ துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தொண்டையைச் செருமினார். அதற்குள் பின்னாலிருந்து அவர் மனைவி கத்துவது கேட்டது.

"ஒஸ்மோ, பழைய பேரைத் திரும்பப் போட்டுட்டாளா அந்தப் பொண்ணு? நம்ம சவுனா ஐஸா கெடக்கு!"